மார்பகப் புற்றுநோயைப் படம் பிடிக்க நானோ துகள்: எவ்வளவு வேண்டும், மிச்சம் எங்கே போகும்?

மார்பகத்தை எக்ஸ்ரேயில் எடுக்கும் மேமோகிராம் படத்தில் வண்ணமெல்லாம் கிடையாது. கறுப்பு, வெள்ளை, நடுவில் சாம்பல், அவ்வளவுதான். கொழுப்பு எக்ஸ்ரேயை அதிகம் தடுக்காது. அதனால் படத்தில் கறுத்துத் தெரியும். பால் சுரப்பிகளும் அவற்றைத் தாங்கி நிற்கும் நார்த் திசுவும் கூடுதலாகத் தடுக்கும், ஆகவே வெள்ளை. புற்றுநோய்க் கட்டியும் ஏறக்குறைய அதே அளவுக்குத்தான் தடுக்கும், அதுவும் வெள்ளைதான். கொழுப்பு மிகுந்த மார்பகத்தில் கறுப்புப் பின்னணியில் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தால் பளிச்சென்று கண்ணில் படும். சுரப்பித் திசு மிகுந்த மார்பகத்திலோ வெள்ளைக்குள் வெள்ளையைத் தேட வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்டதை அடர்த்தியான மார்பகம் என்கிறார்கள். தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது, படத்தில்தான் தெரியும். இது நோயும் அல்ல, அபூர்வமும் அல்ல. அமெரிக்கக் கணக்குப்படி, 40 வயதைத் தாண்டி மேமோகிராம் எடுத்துக்கொள்ளும் பெண்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு மார்பகம் அடர்த்தியானதுதான். கட்டி மறைந்துகொள்ள இடம் கிடைக்கிறது என்பதோடு, அடர்த்தி அதிகமாக இருப்பதே புற்றுநோய் வாய்ப்பையும் கொஞ்சம் கூட்டுகிறது. அதனால்தான் 2024 செப்டம்பர் முதல் அந்த நாட்டில் மேமோகிராம் எடுக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவருடைய மார்பகம் அடர்த்தியானதா இல்லையா என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று விதி வந்தது.

சரி, வெள்ளைக்குள் வெள்ளையை எப்படிப் பிரித்துக் காட்டுவது? எந்திரத்தை இன்னும் கூர்மையாக்குவது ஒரு வழி. கட்டிக்கு மட்டும் கூடுதலாக எதையாவது ஏற்றிவிட்டுப் படம் எடுப்பது இன்னொரு வழி. நானோ துகள் இந்த இரண்டாவது வழியைச் சேர்ந்தது.

ஏற்றிப் பார்ப்பது புதிய விஷயமில்லை. சிடி ஸ்கேனுக்கு முன்னால் கையில் ஊசி போட்டு ஏற்றுகிறார்களே, அது அயோடின் கலந்த மருந்து. எம்ஆர்ஐ என்றால் கடோலினியம் என்ற உலோகம் கலந்த மருந்து. கட்டியில் இது கூடுதலாகச் சேருவதற்குக் காரணம் கட்டியின் ரத்தக் குழாய்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளர வேண்டுமானால் கட்டிக்குத் தனியாக ரத்தம் வேண்டும். புதுக் குழாய்களை வரவழைத்துக்கொள்ளும். 1971-இல் ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் முன்வைத்த கருத்து இது. அவசரத்தில் முளைத்த அந்தக் குழாய்களின் சுவரில் அங்கங்கே இடைவெளி இருக்கும். ரத்தத்தில் போகிற மருந்து அந்த வழியாகக் கட்டிக்குள் கசிகிறது, படத்தில் கட்டி மின்னுகிறது. மார்பகத்தைப் பொறுத்தவரை கட்டியைத் தவறவிடாமல் காட்டுவதில் கடோலினியம் ஏற்றிய எம்ஆர்ஐக்கு நிகர் இன்னும் வரவில்லை.

ஆனால் இந்த மருந்துகளெல்லாம் மிகச் சின்ன மூலக்கூறுகள். கசிந்த வேகத்திலேயே திரும்பி வெளியே வந்துவிடும். அயோடின் மருந்தில் பாதி ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே சிறுநீரில் போய்விடுகிறது. அதனால் ஊசி போட்ட சில நிமிடங்களுக்குள் படத்தை எடுத்தாக வேண்டும். அது மட்டுமில்லை. ரத்தம் அதிகம் ஓடுகிற நல்ல திசுவும், புற்றுநோய் அல்லாத சாதாரணக் கட்டிகளும்கூட இதை வாங்கிக்கொண்டு மின்னும். மின்னியதையெல்லாம் பயாப்சி செய்து, அதாவது சிறு துண்டு எடுத்துச் சோதித்துப் பார்த்து, பாதிக்கு மேல் ஒன்றுமில்லை என்று வந்தால், இடையில் அந்தப் பெண் தூங்காமல் கழித்த இரவுகளுக்கு யார் கணக்கு வைப்பது?

உருண்டை பெரிதானால் என்ன ஆகும்?

ஒரு மில்லிமீட்டரை 10 லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். நாம் பேசுகிற துகள்கள் பெரும்பாலும் 2 முதல் 100 நானோமீட்டர் வரை. ரத்தச் சிவப்பணுவின் குறுக்களவு ஏறக்குறைய 7,000 நானோமீட்டர் என்பதை வைத்துப் பார்த்தால் இவை எவ்வளவு பொடி என்று தெரியும். ஆனால் அயோடின் மருந்தின் ஒரு மூலக்கூறோடு ஒப்பிட்டால் இவை ராட்சசர்கள்.

வழக்கமான அயோடின் மூலக்கூறு ஒன்றில் எக்ஸ்ரேயைத் தடுக்கிற அயோடின் அணுக்கள் 3 இருக்கும், மிஞ்சிப் போனால் 6. பத்து நானோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு தங்க உருண்டையில் சுமார் 30,000 தங்க அணுக்கள் இருக்கின்றன. அணுவுக்கு அணு பார்த்தாலும், அயோடினின் அணு எண் 53, தங்கத்தினுடையது 79. கனத்த அணு எக்ஸ்ரேயை அதிகம் தடுக்கும். அதோடு, உருண்டையின் மேற்பரப்பில் வேண்டியதை ஒட்டவைக்கலாம்: ரத்தத்தில் நீண்ட நேரம் மிதக்க ஒரு பூச்சு, கட்டியின் செல்லைப் பிடித்துக்கொள்ள ஒரு புரதம், கூடவே ஒளிரும் சாயம்.

2006-இல் ஜேம்ஸ் ஹெய்ன்ஃபெல்ட் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதை எலிகளில் செய்து காட்டினார்கள். எலியின் தோலுக்கடியில் மார்பகப் புற்றுநோய்க் கட்டி வளர்க்கப்பட்டது. 1.9 நானோமீட்டர் தங்கத் துகள் ஊசி போட்டு, மருத்துவமனைகளில் இருக்கிற மேமோகிராம் கருவியிலேயே படம் எடுத்தார்கள். கட்டியும் அதைச் சுற்றிய நுண்ணிய ரத்தக் குழாய்களும் தெளிவாகத் தெரிந்தன. தங்கம் சிறுநீர் வழியாக வெளியேறவும் செய்தது. படத்தைப் பார்த்தால் யாருக்கும் உற்சாகம் வரும்.

ஆனால் எவ்வளவு தங்கம் போட்டார்கள்? ஒரு கிலோ எடைக்கு 2.7 கிராம். அதை 60 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்குக் கணக்குப் போடுங்கள்: 162 கிராம் தங்கம். விலையை விடுங்கள், அவ்வளவு உலோகத்தை ஒரே தவணையில் ரத்தத்தில் விடுவது சின்ன விஷயமா?

இது அவர்களுடைய குறை இல்லை, எக்ஸ்ரேயின் குணம். எக்ஸ்ரேக்கு ஒரு பொருள் கண்ணில் பட வேண்டுமானால் அது அந்த இடத்தில் நிறைய இருக்க வேண்டும். இன்று போடுகிற அயோடினும் ஒரு தவணைக்கு 30 கிராம் அளவில்தான் இருக்கிறது. எம்ஆர்ஐக்கு அதைவிட மிகக் குறைவாகவே போதும். கதிரியக்கம் கொண்ட பொருளாக இருந்தால் தராசில் தெரியாத அளவே போதும். நானோ துகள் பற்றிய எந்தச் செய்தியைப் படித்தாலும் முதலில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்பது நல்லது: எந்தக் கருவிக்கு, எவ்வளவு?

அளவைக் குறைக்க ஒரு கெட்டிக்கார வழி இருக்கிறது. ஒவ்வொரு தனிமமும் ஒரு குறிப்பிட்ட ஆற்றலைத் தாண்டியதும் எக்ஸ்ரேயைத் திடீரென்று மிக அதிகமாக விழுங்கத் தொடங்கும். அயோடினுக்கு அந்தப் படி 33 கிலோ எலக்ட்ரான்வோல்ட் (எக்ஸ்ரேயின் ஆற்றலை அளக்கும் அலகு). படிக்குக் கீழே ஒரு படம், மேலே ஒரு படம் எடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் சுரப்பித் திசு மறைந்து அயோடின் மட்டும் நிற்கும். அயோடின் ஏற்றிய மேமோகிராம் இப்படித்தான் எடுக்கப்படுகிறது. இது ஆராய்ச்சி அல்ல, நடைமுறையில் இருக்கிறது. வெள்ளிக்கு அந்தப் படி 25.5. மேமோகிராம் கருவி வழக்கமாக வெளியிடும் கதிர்களின் வீச்சுக்குள்ளேயே இது வருகிறது. ஆகவே மேமோகிராமுக்குத் தங்கத்தைவிட வெள்ளி பொருத்தம் என்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஒரு குழு அதைப் பிடித்துக்கொண்டது. வெள்ளியில் ஒரு தொல்லை, அது கரைந்து அயனியாக வெளியே வந்தால் செல்லுக்கு நஞ்சு. எனவே தங்கத்தோடு கலந்தும், சட்டென்று கரையாத வெள்ளி சல்பைடாக மாற்றியும், சிறுநீரில் போய்விடும் அளவுக்குச் சிறிதாக்கியும் முயன்றிருக்கிறார்கள். எலிகளில் நல்ல பலன் கிடைத்திருக்கிறது.

கட்டியைத் தேடிப் போகுமா?

'புற்றுநோய் செல்லைத் தேடிப் போய்த் தாக்கும் நானோ துகள்' என்று தலைப்பு வைப்பார்கள். எந்தத் துகளும் தேடிப் போவதில்லை. ரத்தம் கொண்டுபோகிற இடத்துக்குத்தான் அது போகும்.

போகிற வழியில் கட்டியின் ஓட்டைக் குழாய்கள் வந்தால் உள்ளே கசியும். சின்ன மூலக்கூறு போல உடனே திரும்பி வராது, ஏனென்றால் திசுவில் சேரும் நீரை வடித்துக்கொண்டுபோகும் நிணநீர் வடிகாலும் கட்டிக்குள் சரியாக இருப்பதில்லை. உள்ளே போனது தங்கிவிடுகிறது. இதை 1986-இல் ஜப்பானில் மட்சுமுராவும் மயேதாவும் எடுத்துச் சொன்னார்கள். நானோ மருத்துவம் முழுக்க ரொம்ப காலம் இந்த ஒரு கருத்தின் மேல்தான் நின்றது.

அப்புறம் துகளின் மேல் ஒரு புரதத்தை ஒட்டவைப்பது. மார்பகப் புற்றுநோய்களில் 15 முதல் 20 சதவீதம் வரை, செல்லின் மேற்பரப்பில் ஹெர்2 என்ற புரதம் அளவுக்கு மீறி முளைத்திருக்கும். அதைப் பிடித்துக்கொள்ளும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து 1998 முதல் சிகிச்சையில் இருக்கிறது. அதையே துகளின் மேல் ஒட்டினால் துகள் அந்தச் செல்லில் பற்றிக்கொள்ளும். ஆனால் நாயுருவி விதை நாம் நடந்துபோய் உரசினால்தான் ஆடையில் ஒட்டும். நம்மைத் தேடி வராது. இதுவும் அப்படியே. அதிலும், ரத்தத்துக்குள் போன சில நொடிகளிலேயே ரத்தப் புரதங்கள் துகளைச் சுற்றிப் போர்த்திக்கொள்கின்றன. ஆய்வுக்கூடத்தில் கஷ்டப்பட்டு ஒட்டவைத்த புரதம் அந்தப் போர்வைக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது.

ஆக மொத்தம் எவ்வளவு போய்ச் சேருகிறது? டொராண்டோவில் வாரன் சானின் குழு, அதற்கு முந்தைய 10 ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2016-இல் ஒரு கணக்குச் சொன்னது. ஊசியில் போட்ட துகள்களில் கட்டிக்குப் போய்ச் சேர்வது, நடுமதிப்பாகப் பார்த்தால், 0.7 சதவீதம். புரதம் ஒட்டியவற்றில் 0.9, ஒட்டாதவற்றில் 0.6. ஆயிரம் துகள் போட்டால் 7 போய்ச் சேரும். அந்தத் துறையில் இருந்தவர்களுக்கே இது சங்கடமான எண்ணாக இருந்தது. அதுவும் பெரும்பாலும் எலிக் கணக்கு. எலியில் கட்டி சில வாரங்களிலேயே மளமளவென்று வளர்கிறது, குழாய்களில் ஓட்டை அதிகம். மனிதக் கட்டி பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் வளர்வது. கசிவு ஆளுக்கு ஆள், ஒரே ஆளுக்குள்ளும் கட்டிக்குக் கட்டி மாறுகிறது.

மிச்சம் 993 எங்கே? பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும். ரத்தத்தில் வரும் அந்நியப் பொருளை விழுங்குவதற்கென்றே அங்கே செல்கள் உட்கார்ந்திருக்கின்றன, அவை தங்கள் வேலையைச் செய்கின்றன. சிறுநீரகத்தின் வடிகட்டி ஏறத்தாழ 5.5 நானோமீட்டருக்கு உட்பட்டதைத்தான் சுலபமாக வெளியே விடும்; 2007-இல் குவாண்டம் டாட் என்ற ஒளிரும் நானோ துகள்களை வைத்து இதை அளந்தார்கள். அதைவிடப் பெரிய தங்கத் துகளை உடலால் கரைக்க முடியாது, கல்லீரலில் மாதக்கணக்கில் கிடக்கும். அந்தக் குவாண்டம் டாட்களுக்கு 2023-இல் வேதியியல் நோபல் கிடைத்தது, அழகான வண்ணத்தில் ஒளிரக்கூடியவை. ஆனால் பலவற்றின் நடுவில் இருப்பது காட்மியம் என்ற நச்சு உலோகம். மனித உடம்புக்குள் விட யாரும் துணிய மாட்டார்கள்.

இந்த 5.5 என்ற எல்லையை ஒட்டியே வடிவமைக்கப்பட்டதுதான் கார்னெல் பல்கலைக்கழகத்தின் சிலிக்கா துகள். 6, 7 நானோமீட்டர் அளவில், உள்ளே ஒளிரும் சாயம், மேலே பூச்சு. மனிதர்களிடம் சோதித்துப் பார்க்க 2011-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. முதலில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ளவர்களிடம் போட்டுப் பார்த்தார்கள். பெரும்பகுதி சிறுநீரகம் வழியாகவே வெளியே வந்தது. என் பார்வையில், இந்தத் துறையில் பொறுப்பான வடிவமைப்பு என்றால் இதுதான்: உள்ளே போகிற வழியை யோசிக்கும்போதே வெளியே வருகிற வழியையும் யோசித்திருக்கிறார்கள்.

அக்குளில் நடக்கிற வேலை

இதுவரை படித்ததை வைத்து நானோ துகள் எல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தான் என்று நினைத்துவிட வேண்டாம். மார்பகப் புற்றுநோயில் அவை உண்மையாகவே பயன்படுகிற இடம் ஒன்று இருக்கிறது. அது மார்பகம் இல்லை, அக்குள்.

புற்றுநோய் மார்பகத்தை விட்டுப் பரவத் தொடங்கினால் பெரும்பாலும் முதலில் போய்ச் சேர்வது அக்குளில் இருக்கிற நிணநீர் முடிச்சுகளுக்கு. முன்பெல்லாம் அங்கே இருப்பதை மொத்தமாக வழித்து எடுத்துவிடுவார்கள். அதன் விலை, ஆயுளுக்கும் கை வீங்கிப் போகும் வாய்ப்பு. இப்போது, கட்டியிலிருந்து வடியும் நிணநீர் முதலில் சேர்கிற ஒன்றிரண்டு முடிச்சுகளை மட்டும் கண்டுபிடித்து எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். அவற்றில் புற்றுநோய் இல்லையென்றால் மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை. இந்த முதல் முடிச்சைத்தான் சென்டினல் நோட் என்கிறார்கள்.

அதைக் கண்டுபிடிக்க நீலச் சாயமும் டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருளும் காலங்காலமாகப் பயன்படுகின்றன. அந்த டெக்னீஷியத்தை ஏற்றிச் செல்வதே நானோ அளவிலான பொடித் துகள்கள்தான். ஆனால் அதன் கதிரியக்கம் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அணு மருத்துவப் பிரிவு பக்கத்தில் இல்லாத இடத்தில் பாடு திண்டாட்டம்.

இதற்கு மாற்றாக வந்தது இரும்பு ஆக்சைடு துகள். பூச்சையும் சேர்த்து 60 நானோமீட்டர் அளவு. மேக்ட்ரேஸ் என்ற பெயரில் 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மார்பகத்தில் ஊசி போட்டால் நிணநீரோடு போய் முதல் முடிச்சில் தங்கும். அறுவை சிகிச்சையின்போது பேனா போன்ற ஒரு கருவியை அக்குளின் மேல் நகர்த்துவார்கள். அந்தக் கருவி உண்டாக்கும் காந்தப் புலத்தில் மட்டும் துகள்கள் காந்தமாகும், புலம் போனதும் சும்மா ஆகிவிடும். முடிச்சை நெருங்க நெருங்கக் கருவியின் சத்தம் ஏறும். திறந்து பார்த்தால் முடிச்சு பழுப்பாகவோ கறுப்பாகவோ கண்ணுக்கே தெரியும். அளவிடும் நேரத்தில் பக்கத்தில் இரும்புக் கருவி எதுவும் இருக்கக் கூடாது, அதனால் பிளாஸ்டிக் கருவிகளைப் பயன்படுத்துவார்கள்.

முன்பு பார்த்த இரண்டு கேள்விகளையும் இங்கே போட்டுப் பாருங்கள். எவ்வளவு? சில பத்து மில்லிகிராம் இரும்பு. மிச்சம் எங்கே போகும்? இரும்பு உடம்புக்குப் பழக்கமான பொருள். நம் உடம்பில் எப்போதும் 3, 4 கிராம் இருக்கிறது. துகள் மெல்லக் கரைந்தால் அந்தக் கையிருப்போடு சேர்ந்துவிடும். கல்லீரல் துகள்களை விழுங்குவது மற்ற இடத்தில் தொல்லை என்றால், நிணநீர் முடிச்சில் இருக்கும் அதே வகைச் செல்கள் துகளை விழுங்கி வைத்துக்கொள்வதுதான் இங்கே வேலையையே நடத்துகிறது. உடம்பின் குணத்தை எதிர்க்காமல் அதன் போக்கிலேயே போனதால் இது ஜெயித்தது.

துகள் வாரக்கணக்கில் முடிச்சிலேயே இருப்பதும் ஒரு வசதி. பால் குழாயை விட்டு வெளியேறாத ஆரம்பநிலைப் புற்றுநோய் என்று நினைத்து அறுவை செய்வார்கள். எடுத்த திசுவைச் சோதித்தால் சிலருக்கு அது வெளியேறியிருப்பது அப்போதுதான் தெரியும். அவர்களுக்கு மட்டும் முடிச்சை எடுத்தால் போதும். துகளை முதல் அறுவையிலேயே போட்டுவைத்தால், தேவைப்படுகிறவர்களுக்குப் பிறகு வந்து எடுக்கலாம். ஸ்வீடனில் இதைச் செய்து பார்த்து, பலருக்குத் தேவையில்லாத அக்குள் அறுவையைத் தவிர்த்திருக்கிறார்கள்.

எம்ஆர்ஐயிலும் இதே தர்க்கம் தலைகீழாக வேலை செய்கிறது. இரும்புத் துகள் தங்கிய இடம் படத்தில் கறுத்துவிடும். நல்ல முடிச்சு துகளை விழுங்கிக் கறுக்கும். புற்றுநோய் குடியேறிய பகுதியில் விழுங்கும் செல்கள் இடம் இழந்திருப்பதால் வெளுப்பாகவே நிற்கும். புரோஸ்டேட் புற்றுநோயில் 2003-லேயே இது நன்றாகக் காட்டப்பட்டது. ரத்தசோகைக்காக 2009-இல் அனுமதி பெற்ற ஃபெருமாக்ஸிடால் என்ற இரும்பு மருந்தையும் இப்படிப் படத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்பதால் மெதுவாக ஏற்றிக் கண்காணிக்க வேண்டும்.

ஒளியை அடித்து ஒலியைக் கேட்கிற ஃபோட்டோஅக்கூஸ்டிக் முறை ஒன்றும் இருக்கிறது. லேசர் ஒளியை விழுங்கிய பொருள் நொடிப்பொழுதில் சூடேறி விரிந்து ஒலியலையை எழுப்பும். தங்கக் கம்பி வடிவத் துகள்கள் இதில் கெட்டி. ஆனால் 2021-இல் அமெரிக்காவில் மார்பகத்துக்காக அனுமதி பெற்ற இவ்வகைக் கருவி துகள் எதையும் போடுவதில்லை. ரத்தத்தின் சொந்த ஹீமோகுளோபினை வைத்தே வேலையை முடித்துக்கொள்கிறது.

அப்படியானால் அடர்த்தியான மார்பகம் உள்ள எல்லாப் பெண்களுக்கும் நானோ ஊசி போட்டு மேமோகிராம் எடுக்கிற காலம் எப்போது வரும்? அருகில் இல்லை என்றே நினைக்கிறேன். நோய் அறிகுறி இல்லாத 1,000 பெண்களுக்கு மேமோகிராம் எடுத்தால் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுவது சுமார் 5 பேருக்கு. மற்ற 995 பேருக்கும் சேர்த்துத்தான் அந்த ஊசி. கல்லீரலில் மாதக்கணக்கில் தங்குகிற ஒன்றை, ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஆரோக்கியமான ஒருவருக்குப் போடுவதற்கு எந்த ஒழுங்குமுறை அமைப்பும் லேசில் ஒப்புக்கொள்ளாது. ஏற்கெனவே கட்டி உறுதியானவருக்கு, அது எதுவரை பரவியிருக்கிறது என்று பார்ப்பது வேறு. அங்கே லாபநஷ்டக் கணக்கு மாறிவிடும்.

ஆகவே மார்பில் ஏதோ தட்டுப்படுகிறது என்று மருத்துவரிடம் போகிறவர், நானோ ஸ்கேன் என்று எதையும் கேட்க வேண்டியதில்லை. அப்படி ஒன்று வழக்கத்தில் இல்லை. மேமோகிராம், அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் எம்ஆர்ஐ, சந்தேகம் இருந்தால் பயாப்சி. அறுவை சிகிச்சை வரை போய் அக்குளுக்காக இரும்புத் துகள் ஊசி போட்டிருந்தால் இரண்டு விஷயம் தெரிந்திருப்பது நல்லது. ஊசி போட்ட இடத்தில் தோல் பழுப்பாகி மாதக்கணக்கில், சிலருக்கு அதற்கு மேலும் இருக்கலாம். பிற்பாடு அந்த மார்பகத்துக்கு எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் ஊசி போட்டதை முன்கூட்டியே ரேடியாலஜிஸ்டிடம் சொல்லிவிட வேண்டும். மிச்சம் இருக்கும் இரும்பு படத்தில் கறுப்புத் திட்டாக விழுந்து பக்கத்தில் இருப்பதை மறைத்துவிடும்.